மணி அடிக்காத வகுப்பு



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. இன்று நம்மிற் பலர், வேலையையும் வீட்டையும் பார்த்தபடி, இணையவழியிற் படிக்கிறார்கள்.

இங்கே மணி அடிப்பாருமில்லை, வரவு பதிவாருமில்லை. நேர அட்டவணையை நாமே எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். விரிவுரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் விளங்கியது போலிருக்கும், பரீட்சையில் வராது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் மீண்டும் வாசித்தவர்களைவிட, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்தின் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே மடிக்கணினியை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் எழுதுங்கள்; பிறகு திருத்துங்கள். வைத்தியராக ஒன்று சொல்வேன்: நித்திரையைக் குறைத்துப் படிக்காதீர்கள். படித்தது பதிவதற்கும் நித்திரை வேண்டும்.

பிள்ளையின் பரீட்சைக்கு வீடே அமைதியாகிறது. தாயின் பரீட்சைக்கு அடுப்புக்கூட ஓய்வதில்லை. "இந்த ஒரு மணித்தியாலம் எனக்கு" என்று வீட்டாரிடம் வாய்திறந்து கேளுங்கள்.

படிக்கும் சகோதரிகள் இருவர் இருவராகச் சேருங்கள். ரொறன்ரோவில் காலையென்றால் இங்கே மாலை. வாரத்தில் ஒருநாள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கலாம். ஒரே வாங்கிலிருந்து அப்படித்தானே படித்தோம்!