மார்கழியும் சித்திரையும் ஒரே சொம்பில்

கே.கே. நகரில் ஓவிய வகுப்பு நடத்துகிறவன் நான். வகுப்பில் யார் சேர்ந்தாலும் முதல் பாடம் ஒரு பித்தளைச் சொம்பு, இரண்டு கத்தரிக்காய், ஒரு எலுமிச்சம்பழம். "சாமி படம் எப்ப சார் சொல்லிக் கொடுப்பீங்க?" என்று பெற்றோர் கேட்பார்கள். மேஜைமேல் வைத்ததைப் பார்த்து வரைவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு புகழின் உச்சிக்குப் போன ஒரு பெண்மணி உண்டு. நெதர்லாந்தின் ரேச்சல் ராய்ஸ்.

1664-இல் பிறந்தவர். அப்பா பிரடெரிக், ஆம்ஸ்டர்டாமில் உடற்கூறியல், தாவரவியல் பேராசிரியர். வீடு நிறையப் பதப்படுத்திய பூச்சிகள், செடிகள். அவற்றைப் பார்த்து வளர்ந்த பெண், பதினைந்து வயதில் வில்லெம் வான் ஆல்ஸ்ட் என்ற ஓவியரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். கணவரும் ஓவியர்தான். பத்துப் பிள்ளைகள்! நேயர்களில் தாய்மார்கள் இருந்தால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அத்தனைக்கும் நடுவே தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1708-இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் அரசவை ஓவியரானார். அதையெல்லாம் விரித்துச் சொல்ல நேரமில்லை. எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிடுகிறேன்.

அவர் வரைந்த பூங்கொத்து எந்த வீட்டுக் குவளையிலும் இருந்ததே இல்லை. வசந்தத்தில் பூக்கும் டூலிப்பும் கோடையில் பூக்கும் கசகசாப் பூவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மார்கழிக் கோலத்துப் பூசணிப்பூ, சித்திரை வேப்பம்பூ, கார்த்திகைக் காந்தள் மூன்றையும் ஒரே சொம்பில் செருகிய மாதிரி. எப்படி முடிந்தது? அந்தக் கால மலரோவியர்கள் ஒவ்வொரு பூவையும் அது பூக்கிற நாளில் தனியாக வரைந்து வைத்துக்கொள்வார்கள். பிறகு பொறுமையாக ஒன்று சேர்ப்பார்கள். இவருக்குச் சமகாலத்தவரான யான் வான் ஹாய்சும், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படத்தை முடிக்க முடியவில்லை என்று 1742-இல் கடிதமே எழுதியிருக்கிறார்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி சாமந்தி வரைந்துகொண்டிருந்தாள். கோயம்பேட்டிலிருந்து காலையில் வந்த பூ. மின்விசிறிக் காற்றில் ஓர் இதழ் ஓரம் பழுத்துவிட்டது. "இதை மட்டும் விட்டுடலாமா சார்?" என்றாள். ரேச்சல் படத்தின் அச்சுப்பிரதி ஒன்றை எடுத்துக் காட்டினேன். புழு அரித்த இலை, ஒடிந்து தொங்கும் காம்பு, தண்டில் ஊரும் வண்டு. பூ அழகு என்று மட்டும் அவர் சொல்லவில்லை, போய்விடும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அவள் அந்தப் பழுப்புக்குக் காவி கலக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அவள் படத்தில் பூவுக்கு உயிர் வந்தது.

இந்த நிலையாமை டச்சுக்காரர்களுக்கு மிகப் பிடித்த விஷயம். மண்டையோடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவத்தி என்று படம் படமாக வரைந்தார்கள். நம் பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? 1613-இல் அவர்கள் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதே சேதியை ரேச்சல் எலும்பில்லாமல் இதழ்களை வைத்தே சொன்னார். அதனால்தான் எனக்கு அவர் ஒரு படி மேல்.

மணி ஆகிவிட்டது, தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். சுருக்கமாக: ரேச்சல் எண்பது வயதைத் தாண்டியும் வரைந்தார், கையெழுத்தோடு தன் வயதையும் எழுதி வைத்தார், 1750-இல் மறைந்தார். வயசாயிடுச்சு, இனிமேல் என்ன வரையறது என்று நினைக்கும் நேயர்கள் நாளைக்கே ஒரு பென்சில் வாங்குங்கள். காய்கறிக் கூடையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து வையுங்கள். குழம்பு கொஞ்சம் தாமதமானால் வீட்டில் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.