குருவும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்

(வடிவமைப்பு பயிலும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நான் லோகோ வரைந்து பிழைப்பவன். அதற்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு தொண்டு நிறுவனம் புதிதாக ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பள்ளிகளுக்குப் போகவிருக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி. பெயர், லோகோ, நிறம், அடையாள அட்டை எல்லாம் நான் செய்ய வேண்டும். முதல் கூட்டத்திலேயே "நம்ம பாரம்பரியம் தெரியணும் சார்" என்றார்கள். பெயரில் 'குரு' வர வேண்டும். படத்தில் ஆலமரமோ விளக்கோ ஓலைச்சுவடியோ இருக்க வேண்டும்.

நானும் வரைந்தேன். மரத்தடியில் மேடைமேல் ஒருவர், தரையில் பிள்ளைகள். அன்றிரவு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் ஆறாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் வாத்தியார் மற்ற பிள்ளைகளுக்குச் சாக்பீஸைக் கையில் கொடுப்பார். எனக்கு மட்டும் மேசைமேல் வைப்பார். நான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாளும் சாதி சொல்லித் திட்டியவரில்லை. ஊரில் அவருக்கு நல்ல வாத்தியார் என்றுதான் பெயர். நான் வரைந்த படத்தில் மேடைமேல் இருந்தது அவர்தான்.

மறுநாள் போய்ச் சொன்னேன். யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று முடிவு செய்த ஆளுக்குத்தான் இங்கே குரு என்று பெயர். ஏகலைவனிடம் கட்டைவிரல் கேட்டவர் குரு. அது புராணம் என்பீர்கள். சேரன்மாதேவி புராணமில்லையே? 1920களில், தேசியக் கல்வி என்று நன்கொடை வாங்கி நடந்த குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டார்கள். பெரியாரும் வரதராஜுலுவும் அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது.

நிறத்தில் தவறு செய்தது நான். அடையாள அட்டையின் கழுத்துப் பட்டைக்கு இரண்டு நிறங்களைச் சேர்த்து மாதிரி காட்டினேன். பயிற்சிக்கு வந்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து ஆசிரியை ஒருவர், "அண்ணா, இதை மாத்திருங்க. எங்க ஊர்ல பசங்க கையில கட்டுற கயிறு இதே கலர்தான். இதைப் போட்டுக்கிட்டு வகுப்புக்குள்ள போனா, நான் யாரோட டீச்சர்னு அவங்களே முடிவு பண்ணிருவாங்க" என்றார்.

2023இல் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவர் தன் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டார்; தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. அந்த அறிக்கையைப் படித்தவன்தான் நான். ஆனாலும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தபோது கணினித் திரையில் எடுப்பாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

கடைசியில் நிர்வாகத்தினர், "சரி, குரு வேண்டாம். சாவித்திரிபாய் பூலே முகத்தைப் போடலாமா?" என்று கேட்டார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். 1848இல் பூனாவில் ஜோதிராவோடு சேர்ந்து பெண்களுக்குப் பள்ளி திறந்தவர், சாணி வீச்சுக்கு நடுவே பாடம் நடத்தப் போனவர். ஆனால் அதற்குமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓராண்டுப் பயிற்சியில் சாதி பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லை. "இதை வைத்துக்கொண்டு அந்த முகத்தை வரைய மாட்டேன்" என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையும் இருந்தது.

வேலை போகவில்லை. முதல் மாதத்தில் ஒரு முழு நாள் ஒதுக்கினார்கள். ஓராண்டுக்கு ஒரு நாள் என்பது மிகக் குறைவு. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் சாவித்திரிபாய் முகத்தையும் இன்னும் வரையவில்லை.

இப்போது அந்தத் திட்டத்தின் பெயரில் குரு இல்லை. கழுத்துப் பட்டை வெறும் சாம்பல் நிறம். லோகோவில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது ஒரு சாக்பீஸ். இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஏன் அப்படி வரைந்தேன் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நாளை உங்களிடமும் இப்படி வேலைகள் வரும். அம்பேத்கர் படம் கேட்பார்கள், நீல நிறம் கேட்பார்கள். பென்சிலை எடுப்பதற்குமுன் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். கற்றுத்தர வருகிறவர்கள் யார் யார் என்று கேளுங்கள். உள்ளே ஒன்றுமில்லாத இடத்துக்கு நம் தலைவர்களின் முகத்தை விற்காதீர்கள்.