அளவெடுத்துப் போட்ட ரிங்கே அழுத்தத்தை அடக்கும்

இன்றைய கனரக டர்போ டீசல் என்ஜினில், எரிதலின் உச்சத்தில் சிலிண்டருக்குள் 150 முதல் 200 பார் வரை அழுத்தம் எழுகிறது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸிலோ அது வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே காவல் நிற்பவை மூன்று ரிங்குகள். அந்தக் காவலைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவைத்தான் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். புதுப்பட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் ஒரு லாரிக்கு இந்தக் கோளாறு வந்தால் அதை அடக்குவது கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடும் பிரீதரா, ரிங்கா? ஒவ்வொரு ரிங்கையும் அது வேலை செய்யப்போகும் சிலிண்டரிலேயே வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியான கேப்பைப் பார்த்துப் போடும் வழக்கம்தான் அடக்கும் என்பது இந்த விவாதத்தில் ரிங் பக்கம் நிற்கும் இந்த அணியின் வாதம்.

ரிங் தன் சொந்த விறைப்பால் மட்டும் சிலிண்டரை அடைப்பதில்லை. எரியும் வாயு பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகில் நின்று அதைச் சுவரோடு அழுத்துகிறது. டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும்போது இந்த அழுத்தமும் கூடுகிறது, வெப்பமும் கூடுகிறது. சாதாரண என்ஜினில் நன்றாக உழைக்கும் வார்ப்பிரும்பு மேல் ரிங் இங்கே தாங்குவதில்லை. அதனால்தான் டர்போவுக்கு உருண்டைக் கிராஃபைட் வார்ப்பிரும்பிலோ எஃகிலோ செய்து, குரோம், மாலிப்டினம் அல்லது குரோமியம் நைட்ரைடு பூசிய ரிங்குகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டீசலில் மேல் ரிங்கின் இரு பக்கங்களையும் சரிவாகச் செய்வதும் உண்டு. ரிங் அசையும்போது பள்ளத்தில் சேரும் கரி நொறுங்கி விழும், ரிங் ஒட்டிக்கொள்ளாது. இந்த நுணுக்கமெல்லாம் தொலைதூரத்துச் சங்கதி அல்ல. புதுப்பட்டினம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலை நகரில், ஜப்பானின் நிப்பான் பிஸ்டன் ரிங் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு 1991-இல் உருவான ஐபி ரிங்ஸ் ஆலை இருக்கிறது. நல்ல ரிங் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. அதை அளக்காமல் போடுவதுதான் வேதனை.

கணக்கைப் பார்க்கலாம். ஹினோ தொழில்நுட்பத்தில் அசோக் லேலண்ட் தயாரித்த எச் வரிசை ஆறு சிலிண்டர் என்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 104 மி.மீ. அதன் சுற்றளவு ஏறக்குறைய 327 மி.மீ. ரிங் சிலிண்டர் சுவரைவிட 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், வார்ப்பிரும்பு விரியும் கணக்கில் அது 0.36 மி.மீ. நீள்கிறது. முனைகளுக்கு நடுவே விட்ட கேப் அதைவிடக் குறைவாக இருந்தால் முனைகள் முட்டிக்கொள்ளும். பிறகு ரிங் வெளிப்புறமாக விரிந்து சுவரைச் சுரண்டும். பிஸ்டனின் விளிம்பே உடைந்து போகும். டர்போ இல்லாத என்ஜினுக்கு 100 மி.மீ. போருக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. கேப் என்பது பொதுக் கணக்கு. டர்போவுக்கு அது 0.5 முதல் 0.6 வரை போகும். அந்தந்த என்ஜினின் கையேடு சொல்லும் அளவே இறுதி. கேப் சற்றுக் கூடினால் கசிவு கொஞ்சம்தான் கூடும்; குறைந்தால் என்ஜினே போய்விடும். இரண்டாம் ரிங்கின் கேப்பைப் பல என்ஜின்களில் மேல் ரிங்கைவிடக் கூடுதலாக வைப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு ரிங்குகளுக்கும் இடையே சிறைப்பட்ட வாயு வெளியேற வழியில்லாவிட்டால், அது மேல் ரிங்கைத் தூக்கிப் பிடித்து அடைப்பையே குலைத்துவிடும்.

கிட்டில் வரும் ரிங் ஆலையிலேயே கேப் வைத்து வருகிறது, மறுபடி அளப்பது வீண் வேலை என்கிறது எதிரணி. ஆலை வைத்த கேப், ஆலை நினைத்த போருக்கானது. சிலிண்டரின் உள்ளுறையான லைனர் விட்டத்தில் 0.10 மி.மீ. தேய்ந்திருந்தால் கேப் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல், 0.31 மி.மீ. கூடிவிடும். 0.5 வைத்த இடத்தில் 0.8 ஆகிவிடும். லைனரை மாற்றாமல் ரிங்கை மட்டும் மாற்றும் வேலைகளில் இதுதான் நடக்கிறது. ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மட்டமாகத் தள்ளி, ஃபீலர் கேஜ் தகட்டை முனைகளுக்கு நடுவே நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். தேய்மானம் மிகுந்த மேல்பகுதியில் ஒருமுறை, தேயாத அடிப்பகுதியில் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு அளவும் விலகி நின்றால் குற்றம் ரிங்கில் இல்லை, போரில் இருக்கிறது. சில நிமிடங்களில் முடியும் இந்த வேலை ரிங்கையும் லைனரையும் ஒருசேரச் சோதிக்கிறது. கேப் குறைந்தால் அரத்தால் தேய்க்கலாம். பூச்சு உதிராமலிருக்க வெளிமுகத்திலிருந்து உள்நோக்கித்தான் அரம் ஓட வேண்டும்.

பிரீதர் குழாயைப் பெரிதாக்கி வெளியே விட்டால் அழுத்தம் இறங்கிவிடுமே என்பது எதிரணியின் வலுவான வாதம். இறங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கசிவு நிற்காது. சுவரிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தை எரித்துக்கொண்டும், சம்ப்பில் இருக்கும் ஆயிலில் கரியைக் கலந்துகொண்டும் வாயு இறங்கியபடியேதான் இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதிகளின்படி செய்த வண்டிகளில் குழாயை இஷ்டத்துக்குச் சாலைக்கு நீட்டுவதற்கும் இடமில்லை. வாயு எண்ணெய் பிரிப்பான் வழியாக மறுபடி டர்போவின் உறிஞ்சு வாய்க்கே போகும் அமைப்பில், கசிவு கூடினால் கம்ப்ரஸர் சக்கரத்திலும் இன்டர்கூலரிலும் எண்ணெய் படியும்.

டர்போ மீது அநியாயமாகப் பழி விழுவதும் இங்கேதான். டர்போ தண்டின் இரு முனையிலும் இருப்பவை ரப்பர் சீல்கள் அல்ல. பிஸ்டன் ரிங் மாதிரியான சிறு உலோக வளையங்கள். ஆயில் அழுத்தத்தோடு உள்ளே வந்து, தன் எடையாலேயே தடித்த குழாய் வழியாகக் கிராங்க்கேஸுக்கு இறங்குகிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறியிருந்தால் அது இறங்க முடியாமல் தேங்கி, வளையத்தைத் தாண்டிக் காற்றுப் பக்கமோ புகைப் பக்கமோ வெளியேறும். நீலப் புகை வரும். “டர்போ ஆயில் அடிக்குது” என்று சொல்லிப் புது டர்போ பூட்டுவார்கள். அதுவும் ஆயில் அடிக்கும். வண்டிக்காரரின் பல மாத உழைப்பு அந்த ஒரு பில்லில் போய்விடுகிறது.

பிரீதரைப் பார்க்கவே வேண்டாம் என்று இந்த அணி சொல்லவில்லை. அதன் வலை அடைத்திருக்கலாம். ஏர் பிரேக் கம்ப்ரஸர் தேய்ந்து காற்றைக் கிராங்க்கேஸுக்குள் தள்ளலாம். டர்போவின் வளையமே தேய்ந்து புகை வாயு இறங்கலாம். டிப்ஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிய யு வடிவக் கண்ணாடிக் குழாயை மாட்டி, முழு லோடில் நீர்மட்ட வித்தியாசத்தைப் பார்த்தால் போதும், 10 செ.மீ. என்பது ஏறக்குறைய 10 மில்லிபார். கம்ப்ரஸரைத் துண்டித்துப் பார்த்தும் மட்டம் இறங்கவில்லை, டர்போவின் ஆயில் வடிகுழாயைக் கழற்றித் தனியே விட்டும் இறங்கவில்லை, வலையும் சுத்தம் என்றால் எஞ்சுவது பெரும்பாலும் ரிங்கும் போரும்தான்.

அளந்து போட்ட ரிங்கும் முதல் சில மணி நேர ஓட்டத்தில்தான் சுவரோடு பொருந்துகிறது. அதற்குச் சுவரில் தீட்டிய ஹோனிங் கோடுகளும் வேண்டும், லோடும் வேண்டும். வெறும் ஐடிலில் ஓடவிட்டால் வாயு அழுத்தம் போதாமல் ரிங் சுவரில் அழுந்தாது. எண்ணெய் வெந்து, சுவர் பளபளவென்று வழுக்கிப் போகும். ஓவர்ஹால் முடிந்த ஜெனரேட்டரைக் குறைந்த லோடிலேயே ஓட்டும் கடற்கரை விடுதிகளில் புது ரிங் போட்டும் புகை நிற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். லோடு கொடுத்துப் பொருத்திய பிறகு நீர்மட்டத்தை மறுபடி அளந்து, தேதியோடு என்ஜின் பதிவேட்டில் எழுதிவைத்தால் அடுத்த முறை ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும்.