கள்ளனைத் தேடும் கூட்டம்

கல்முனைக் கரையோரத்துக் கலியாண வீடொன்றில், இராச் சாப்பாடு முடிந்தபின் இருபது பேர் கூடியிருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். ராஜா, மந்திரி, பொலிசு, கள்ளன் என நான்கு துண்டுகளில் எழுதிக் குலுக்கிப் போடும் பழைய விளையாட்டு அவர்களுக்குப் போதாது. அதில் நால்வருக்கே இடமுண்டு. ஒருமுறை ஊகித்ததும் சுற்று முடிந்துவிடும்.

பெருங்கூட்டத்துக்கேற்ற ஆட்டமொன்றை 1986ஆம் ஆண்டில், மொஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் மாணவர் திமித்ரி தவிதோவ் வகுத்தார். 'மாபியா' என்பது அதன் பெயர். இதற்கும் கொப்பித்தாள் துண்டுகளே போதும்.

இருபதின்மரில் நால்வர் கள்ளர். நடுவர் 'இரவு' என்றதும் யாவரும் கண் மூடுவர். கள்ளர் மட்டும் கண் திறந்து, ஒருவரையொருவர் அறிந்து, சைகையால் ஒருவரை ஆட்டத்திலிருந்து நீக்குவர். 'பகல்' வந்ததும் கூட்டம் வாதாடி, வாக்கெடுத்து, தான் ஐயுறும் ஒருவரை வெளியேற்றும். பலரிடம் தொகை உண்டு, செய்தி இல்லை. சிலரிடம் செய்தி உண்டு, தொகை இல்லை. ஆட்டத்தின் உயிர்நிலை இதுவே.

முதற்பகலில் சான்றேதும் இராது. ஆகவே வாய்மூடி இருப்பவர்மீதே பெரும்பாலும் விரல் நீளும். கூச்சமுள்ள இளைஞன் ஒருவன், பாவம், "காக்கா, நான் இல்லை" என்று தடுமாறுவதே அவனுக்கு எதிர்ச்சாட்சியாகிவிடும். உரத்துக் குற்றஞ்சாட்டுபவரைக் கூட்டம் எளிதில் நம்பும். அவரே கள்ளராயிருத்தலும் கூடும்.

இளைஞன் வெளியேறியபின் அவனது துண்டு விரிக்கப்படும். அவன் குற்றமற்றவன் எனக் கண்டதும், முதலில் அவனைச் சுட்டியவர் யார், ஆராயாமல் உடன்பட்டவர் யார் என நினைவுகூர்வோருக்கே அடுத்த பகலில் துப்புக் கிடைக்கும்.