காப்புக் கல்லும் எழுத்தும்



பிரேசர் டவுனில் இசுலாமிய அன்பர்களோடு கலந்து வாழும் நாம், அவர்தம் கலைகளுள் ஒன்றாகிய எழுத்துப் பொறித்த மணிக்கற்களைப் பற்றிச் சிறிது காண்போம்.

இக்கற்கள் இருவகை. முத்திரைக் கல்லில் எழுத்துகள் இடவலம் மாறி நிற்கும். பதித்த பின்னரே நேராகும். காப்புக் கல்லிலோ அவை நேராகவே நிற்கும். முன்னது பிறர்க்குக் காட்டும் கையொப்பம். பின்னது அணிந்தவர் இறைவன்பால் வைக்கும் வேண்டுதல்.

இத்தொழிலுக்கு உகந்தது அகீக் எனப்படும் சூதுபவளம். பல நூற்றாண்டுகள் அதனை மேலை நாடுகளுக்கு அனுப்பியது நம் குசராத்துக் கம்பாத் துறைமுகம். முகலாயர் காலத்தில், நெஞ்சப் படபடப்பு நீங்குமென நம்பி, 'ஹல்திலி' என்னும் ஜேடு கல் பதக்கத்தை மார்பில் அணிந்தனர். திருக்குர்ஆன் மொழிகளை அதிற் பொறிப்பதும் உண்டு.

தோஹா அருங்காட்சியகத்தில் 217.80 காரட் எடையுள்ள மரகதம் ஒன்றுளது. கொலம்பியாவில் விளைந்து இந்தியாவில் செதுக்கப்பெற்றது. ஆண்டு ஹிஜிரி 1107, அஃதாவது 1695-96. ஒருபுறம் மலர், மறுபுறம் ஷியா நெறியினரின் வேண்டுதல். அந்நாளில் அரியணையில் இருந்த ஔரங்கசீப்போ சுன்னி நெறியினர். அரசர் நெறி வேறாயினும் அணிந்தவர் நெஞ்சம் கல்லில் நிலைத்துவிட்டது.

கல் பிணி தீர்க்கும் என்று நாம் கூறவில்லை. ஆயினும், கோள்வினைக்கு அஞ்சி நவமணி அணியும் நாம் பிறர் காப்பை எள்ளுதல் தகாது. அச்சமுற்ற நெஞ்சம் சொல்லைத் துணைக்கொள்கிறது. வேற்றூரில் தாய்மொழியைத் துணைக்கொண்டு வாழும் நமக்கு அவ்வுண்மை எளிதில் விளங்கும்.

வாழ்க தமிழ்!