நிலத்துக்கும் கூட்டுக் கணக்கு வேணும்

(ராயபுரத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எண்ணூர் முகத்துவாரம் பக்கத்துக் குப்பத்துல குடித்தனம் பண்றேன். நிலத்தைப் பாதுகாக்கிறது பத்தி பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது எங்க ஆத்தங்கரை. அதையே பேசுறேன்.

கொசஸ்தலை ஆறு எண்ணூர்ல கடலோட சேருது. அந்தக் கழிமுகத்தைப் பார்க்கிறவங்க சும்மா கிடக்குற புறம்போக்குன்னு நினைப்பாங்க. ஆனா மழைக்காலத்துல வெள்ளம் பரவி நிக்கிற இடம் அதுதான். இறால் குஞ்சு வளர்றதும் அங்கதான். பொம்பளைங்க தண்ணியில இறங்கி, கையால தடவி இறால் பிடிச்சுப் பிள்ளைகளை வளர்த்ததும் அங்கதான். அந்த இடத்தை மூடினா தண்ணி நம்ம வீட்டுக்குள்ளதான் வரும்.

1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடத்துல, எண்ணூர் கழிமுகத்துல சுமார் 6,500 ஏக்கர் பாதுகாக்க வேண்டிய இடமா இருக்கு. அப்புறம் வந்த இன்னொரு வரைபடத்துல அந்தக் கழிமுகமே இல்லை! தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டதால 2017-ல் இது வெளியே தெரிஞ்சது. காகிதத்துல இல்லாத ஆத்தை, தினமும் அதுல இறங்குறவங்கதானே இருக்குன்னு சொல்ல முடியும்?

ஆனா நாம மட்டும் சொன்னாலும் போதாது. அனல்மின் நிலையச் சாம்பல் ஆத்துல படியுதுன்னு காட்டுக்குப்பம் மீனவர் ஒருத்தர் 2016-ல் வழக்கு போட்டார். சாம்பலை அள்ளணும், ஆத்தைச் சீர்செய்யணும்னு 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. மீனவருக்கு ஆறு தெரியும், வக்கீலுக்குச் சட்டம் தெரியும், படிச்ச பிள்ளைங்களுக்கு வரைபடம் தெரியும். சேர்ந்ததாலதான் அது நடந்தது.

பிச்சாவரத்தையும் சொல்லணும். அங்க அலையாத்தி மரம் அழிஞ்ச இடத்துல வனத்துறை, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ஊர் ஜனங்க மூணு பேரும் 1990-களில் சேர்ந்தாங்க. மீன் முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணி போய்வர வழி பண்ணி, கன்னு நட்டாங்க. 2004 சுனாமியில அந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைஞ்சது. இப்ப எங்க பக்கமும் அலையாத்தி நடுறாங்க, சந்தோஷம். ஆனா தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு எங்களைக் கேட்டு நட்டாதான் கன்னு பிழைக்கும். போட்டோவுக்கு வந்து நிக்கிறது கூட்டு ஆகாது.

சகோதரிகளே, நம்ம குழுப் பணத்தை ஒருத்தி கையெழுத்துல எடுக்க முடியுமா? முடியாது. எல்லாரும் பேசி, தீர்மான நோட்டுல எழுதி, அப்புறம்தானே எடுக்கிறோம்? பொது நிலத்துக்கும் அந்த ஒழுங்கு வேணும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்துல எண்ணெய் வந்தப்ப, மீனவர்கள் கையால அள்ளினாங்க. அள்ளக் கூப்பிடுற மாதிரி, முடிவு எடுக்கவும் கூப்பிடட்டும்.

அதுக்கு நாம ரெண்டு வேலை செய்யலாம். ஒண்ணு, மாசக் கூட்டத்துல நம்ம ஆறு, குளம், கரையில யாராவது கொட்டினா தேதி, இடம், போட்டோவோட நோட்டுல எழுதி வைப்போம். ரெண்டு, தனித்தனியா அலையாம, கூட்டமைப்பு பேர்ல ஒரே மனுவா திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர்கிட்ட கொடுப்போம். எழுதி வைச்சதுக்குத்தான் பதில் கேட்க முடியும். சேமிப்புல கத்துக்கிட்ட பாடம் அது.