கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்...

(பிளஸ் டூ தேர்வு எழுதிய மாணவ மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நமது ஜமாஅத் கல்விக் குழு நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில், குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

தேர்வு முடிவு வெளியானதும் நம் வீடுகளில் எழும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எத்தனை மதிப்பெண்? எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்? எவ்வளவு கட்டணம்? இவை தேவையான கேள்விகள். ஆனால் இவற்றோடு நின்றுவிடுகிறோம். பதினெட்டு வயதில் உள்ளே செல்லும் பிள்ளை இருபத்தொன்றிலோ இருபத்திரண்டிலோ வெளியே வருகிறது. உடல் உறுதிபெறுவதும், மனம் முதிர்வதும், நட்பு வேரூன்றுவதும் அந்த ஆண்டுகளில்தான். ஆகவே அந்தக் கல்லூரியில் பாடம் எப்படி, விளையாட்டு எப்படி, பழகும் சூழல் எப்படி என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? நல்ல மதிப்பெண்ணுடன் சேர்ந்து, முதல் பருவம் முடிவதற்குள் பெட்டியுடன் திரும்பி வந்த பிள்ளைகளைப் பல ஊர்களிலும் காண்கிறோம். பாடம் கடினம் என்பது மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பேசுவதற்கு ஆள் இல்லை, மாலையில் செய்வதற்கு வேலை இல்லை, தோல்வியைச் சொல்லி அழ இடமில்லை என்பதும் காரணம். இன்னொரு பக்கம், விளையாட்டுக்காகவே சேர்ந்து, நிலுவைத் தாள்களோடு பட்டம் பெறாமல் வெளியேறியவர்களும் உண்டு. இரண்டிலும் வீணானது பெற்றோரின் பணமும் பிள்ளையின் காலமுமே.

படிப்பு

முதலிடம் படிப்புக்கே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதைவிடச் சேரவிருக்கும் துறையைப் பார்ப்பது முக்கியம். புகழ்பெற்ற கல்லூரியிலும் வலுவற்ற துறை இருக்கலாம். சிறிய ஊர்க் கல்லூரியிலும் உயிர்ப்புள்ள துறை இருக்கலாம்.

1994இல் நிறுவப்பட்ட 'நாக்' அமைப்பு கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்குகிறது. மத்திய அரசின் 'என்.ஐ.ஆர்.எஃப்.' தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. இவ்விரண்டையும் பாருங்கள். ஆனால் அந்தத் தரவரிசை எதை அளக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கற்பித்தல், ஆராய்ச்சி, பட்டம் பெறுவோரின் நிலை, அனைவரையும் உள்ளடக்கும் தன்மை, கல்வி உலகின் மதிப்பு என்று அதற்கு ஐந்து தலைப்புகள். விளையாட்டு என்று தனித் தலைப்பு கிடையாது. விடுதியில் உங்கள் பிள்ளை எப்படி இருப்பான் என்பதும் அந்தப் பட்டியலில் தெரியாது. அதை நாம்தான் நேரில் சென்று அறிய வேண்டும்.

பாடத்தேர்வு குறித்து ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். மறைந்த குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 1950இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்து இயற்பியல் படித்தார்கள். தமக்குரியது பொறியியல் என்பதைப் பின்னரே உணர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விண்ணப்பித்தார்கள். அங்கே சேர்வதற்கான தொகைக்காக அவர்களுடைய சகோதரி தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்கள். தன் சரிதையில் அவர்களே எழுதியுள்ள செய்தி இது. நம் வீடுகளிலும் நகைகள் அடகுக்குப் போகின்றன. போகும் நகைக்குத் தகுந்த தேர்வாக அது அமைய வேண்டாமா? பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று சேர்க்கைக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

விளையாட்டு

"படிக்கிற வயதில் பந்தடித்துக்கொண்டு திரிகிறான்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1975, 1979 ஆகிய இரு உலகக் கோப்பைகளில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்ற எஸ். வெங்கட்ராகவன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட்டுகள் வீழ்த்தி 2024இல் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆர். அஸ்வின், எஸ்.எஸ்.என். கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்த பொறியாளர். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விஸ்வநாதன் ஆனந்த், லயோலா கல்லூரியில் வணிகவியல் பயின்றவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மிண்டனில் வெள்ளிப் பதக்கம் வென்ற துளசிமதி முருகேசன், அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி.

இவர்களைப் போல் எல்லோரும் ஆகிவிட முடியாது. நாம் கேட்பது அதையன்று. நாள் முழுதும் நாற்காலியில் அமரும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாட இடமும் நேரமும் இருக்கிறதா என்பதே கேள்வி.

இங்கே பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். விளம்பரப் புத்தகத்தில் மைதானத்தின் படம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். ஆனால் ஊருக்கு வெளியே உள்ள கல்லூரியில், வகுப்பு முடிந்த சில நிமிடங்களில் கல்லூரிப் பேருந்து புறப்பட்டுவிடும் என்றால், வீட்டிலிருந்து சென்று வரும் மாணவனுக்கு அந்த மைதானம் வெறும் காட்சிதான். நகரக் கல்லூரிகளில் இரண்டாம் 'ஷிப்ட்' மாணவர்களுக்கு வகுப்பு முடியும்போதே பொழுது சாய்ந்துவிடும். எனவே "மைதானம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "என் பிள்ளைக்கு மைதானத்தில் நிற்க நேரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

மாவட்ட, மாநில அளவில் ஆடும் பிள்ளைகளுக்கு வேறு சில கேள்விகள் உண்டு. தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு தேவை என்பது பொதுவான விதி. போட்டிக்குச் செல்லும் நாட்களை வருகையாகக் கணக்கிடுகிறார்களா? அந்த நாட்களில் நடந்த உள்மதிப்பீட்டுத் தேர்வை மீண்டும் எழுத விடுகிறார்களா? தவறிய ஆய்வக வகுப்பை ஈடுசெய்ய வழி உண்டா? விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணச் சலுகை தருகிறார்கள் என்றால், காயம்பட்டு ஓராண்டு ஆட முடியாமல் போனாலும் சலுகை தொடருமா? வாய்வார்த்தையோடு விடாமல் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். காயம் பட்ட பிறகு கேட்டால் பதில் மாறிவிடும்.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு உள்ளது. பள்ளிக் காலத்துச் சான்றிதழ்களைப் பத்திரமாகத் தொகுத்து வைத்திருப்பவர்களே அதனால் பயன் பெறுகிறார்கள்.

பழகும் சூழல்

கல்லூரி நட்பு என்றாலே நம் பெற்றோருக்கு ஓர் அச்சம். அந்த அச்சம் முழுவதும் காரணமற்றதன்று. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் பகடிவதைக்குப் பலியானதைத் தமிழகம் மறக்கவில்லை. அதன் விளைவாக 1997இல் தமிழ்நாடு அரசு பகடிவதைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு முழுமைக்கும் விதிமுறை வகுத்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் பகடிவதைத் தடுப்புக் குழு இருக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் பலகையில் எழுதப்பட்டிருக்கிறதா, விடுதிக் காப்பாளர் விடுதியிலேயே தங்குகிறாரா என்று பாருங்கள்.

ஆனால் அஞ்சி, எவரோடும் பழகாத பிள்ளையாக வளர்ப்பதும் தீர்வாகாது. மீண்டும் கலாம் அவர்களையே சான்று காட்டுகிறோம். ராமேஸ்வரத்திலிருந்து சென்ற அந்த மாணவருக்குத் திருச்சி விடுதியில் அறைத் தோழர்களாக வாய்த்தவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரும், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவரும். விடுதியின் சைவ உணவுக்கூடச் செயலாளர் பொறுப்பும் அவர்களுக்குத் தரப்பட்டது. பல பேருடைய சாப்பாட்டைக் கவனிக்கும் பொறுப்பு, எந்தப் பாடப்புத்தகமும் தராத நிர்வாகப் பயிற்சி அல்லவா?

1948இல் தொடங்கிய தேசிய மாணவர் படையும், 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் இத்தகைய பயிற்சிக்கென்றே உள்ளவை. நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டாண்டுகள் தொண்டு செய்ய வேண்டும். கிராமத்தில் ஏழு நாள் முகாமும் உண்டு. தமிழ் மன்றம், அறிவியல் மன்றம், இரத்ததானக் கழகம் ஆகியவையும் அவ்வாறே. இவை பெயரளவில் உள்ளனவா, நடக்கின்றனவா என்பதைச் சென்ற ஆண்டுக் கல்லூரி மலரைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகள்

தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். மகனுக்கு நான்கு மாவட்டங்கள் தாண்டிக் கல்லூரி தேடும் நாம், மகளுக்கு வீட்டுக்கு அருகில் எது இருக்கிறதோ அதையே போதும் என்கிறோம். அருகில் இருப்பது நல்லதாக இருந்தால் மகிழ்ச்சி. அவள் விரும்பிய பாடம் அங்கே இல்லையென்றால் என்ன செய்வது? மூன்றாண்டுகள் விருப்பமில்லாத பாடத்தைப் படித்துவிட்டு, அந்தப் பட்டத்தை அலமாரியில் பூட்டி வைப்பதற்கா இவ்வளவு செலவு?

தமிழ்நாட்டில் மகளிர் கல்லூரிகளுக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. சென்னை ராணி மேரிக் கல்லூரி 1914இலும், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915இலும் தொடங்கப்பட்டன. 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் சென்னையில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் எண்ணிய அளவுக்காவது இன்று நாம் எண்ண வேண்டும். மகளிர் விடுதியின் பாதுகாப்பு, மாலை திரும்பும் பேருந்து, பெண் உடற்கல்வி இயக்குநர், மகளிருக்கான உள்ளரங்கு ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். பள்ளியில் கைப்பந்து ஆடிய பெண், கல்லூரி சேர்ந்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

செலவும் சான்றிதழும்

கட்டணத்தைக் கேட்கும்போது முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். விடுதி, உணவு, பேருந்து, தேர்வுக் கட்டணம் அனைத்தையும் சேர்த்துப் படிப்பு முடியும் வரை கணக்கிடுங்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குரிய பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிச் சான்றிதழையும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்குரிய சான்றையும் முன்கூட்டியே பெற்று வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்கள், 2021இல் தொழிற்படிப்புகளுக்கு வந்த 7.5 விழுக்காடு முன்னுரிமையை மறக்க வேண்டாம்.

இன்னொன்று: மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். இதை அறியாததால், பிடிக்காத இடத்தில் சிக்கிக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

நேரில் சென்று பாருங்கள்

சேர்க்கைக்கு முன் ஒரு நாள், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குச் செல்லுங்கள். காலையில் சென்றால் அலுவலகத்தைப் பார்ப்பீர்கள். மாலை நான்கு மணிக்குச் சென்றால் கல்லூரியைப் பார்ப்பீர்கள். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. நூலகத்தில் மாணவர்கள் இருக்கிறார்களா? எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

2. மைதானத்தில் ஆட்டம் நடக்கிறதா? புல் முளைத்துக் கிடக்கிறதா? கல்லூரி அணியில் இல்லாதவர்களையும் ஆட விடுகிறார்களா?

3. விடுதி உணவு எப்படி? படிப்பு நேரம் என்று ஒன்று உண்டா? நம் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரம் கிடைக்குமா?

4. மனச்சோர்வு வந்தால் பேசுவதற்கு ஆலோசகர் இருக்கிறாரா?

5. சேரவிருக்கும் துறையில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவர் இருவரிடம் தனியே பேசுங்கள். "மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் இங்கேயே சேர்வாயா?" என்ற ஒரு கேள்வி போதும்.

மூன்றும் ஒருங்கே கிடைக்காவிட்டால்?

எல்லாம் நிறைந்த கல்லூரி அரிது. நம் மதிப்பெண்ணுக்கும் பணத்துக்கும் எட்டும் தொலைவில் அது இருப்பது இன்னும் அரிது. அப்போது ஒரு வரிசை வேண்டும். பிள்ளை விரும்பும் பாடமும் அதை நடத்தும் ஆசிரியர்களும் முதலில். அச்சமின்றி வாழும் சூழல் அதற்கு இணையாக. இவ்விரண்டில் விட்டுக்கொடுக்க வேண்டாம். விளையாட்டு வசதி குறைந்தால் ஊரின் பொது மைதானமும், விடியற்காலை ஓட்டமும் ஓரளவு ஈடுசெய்யும். விளையாட்டையே வாழ்வாகக் கொள்ள விரும்பும் பிள்ளைக்கு வேறு வரிசை. 1920இல் தொடங்கப்பட்டு இன்று சென்னை நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி போன்றவை அவர்களுக்காகவே உள்ளன. அதுவும் மதிப்புள்ள படிப்பே.

இறுதி முடிவை எடுக்கும்போது பிள்ளையின் சொல்லுக்கு இடம் கொடுங்கள். அந்த வகுப்பில் உட்காரப் போவதும், அந்த விடுதியில் உறங்கப் போவதும் அவர்கள். மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். நண்பன் சேர்கிறான் என்பதற்காக ஒரு கல்லூரியில் சேராதீர்கள். நல்ல நண்பர்கள் எங்கும் கிடைப்பார்கள். நமக்குரிய பாடம் எங்கும் கிடைப்பதில்லை.

விண்ணப்பம் நிரப்புவதிலோ, கல்லூரியை நேரில் பார்ப்பதிலோ உதவி தேவைப்படுவோர் கல்விக் குழுவினரைத் தயங்காமல் அணுகலாம். அக்கல்லூரிகளில் பயின்ற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் உங்களை அழைத்துச் செல்வோம். பணம் கட்டும் முன் வாருங்கள் என்பதே நாம் முன்வைக்கும் ஒரே நிபந்தனை.